முறைக்குப் போனவர்

போன வாரம் கார்த்திகைக்காக விளக்குகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார் என் மனைவி. புளி போட்டுத் தேய்த்தால் கை வலிக்கிறது என்பதால் மகன் ஒரு டப்பா பித்தளைப் பாலீஷ் வாங்கி வந்திருந்தான். மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெயும் ஈரச் சுண்ணாம்பும் கலந்தது போல ஒரு வாசனை கூடம் முழுக்கப் பரவியது. நான் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். "இந்த வாசனைக்கா எழுந்து ஓடறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். முப்பது வருடமாக அவரிடம் சொல்லாத காரணத்தை உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் அந்தக் காலத்துக் கள்ளக்குறிச்சிக்கு வந்திருந்தால், ஊர் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். அரிசி ஆலைகளில் நெல் அவியும் வாசனை. பஸ்ஸில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறவர்கள்கூட அதை முகர்ந்துதான் எழுந்து பையைத் தேடுவார்கள். அங்கே நான் ஒரு நாளிதழுக்குப் பகுதி நிருபராக இருந்தேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. செய்தியை வெள்ளைத்தாளில் எழுதிக் கவரில் போட்டு, மாலை நாலரை மணி பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். பஸ் போய்ச் சேருகிற ஊரில் ஆபீஸ் ஆள் வாங்கிக்கொள்வார். வழியில் பஸ் பஞ்சரானால், அன்று கள்ளக்குறிச்சியில் எதுவுமே நடக்கவில்லை என்று பொருள். பஞ்சராகாத நாட்களிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது.

கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த தெருவில் நூருல்லா பாயின் டைப்பிங் கடை. நான் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துதான் செய்தி எழுதுவேன். மனு, பத்திரம், ஜாமீன் விண்ணப்பம் என்று நாள் முழுக்க மூன்று மெஷின்கள் தட்டிக்கொண்டிருக்கும். பாய் தலை நிமிராமலே பேசுவார். "நிருபரே, ஒங்க நியூஸ்ல எவனும் சாவ மாட்டேங்கறான். அதான் போட மாட்டேங்கறாங்க. ரெண்டு பேர சாவடிச்சி எழுதிப் பாருங்க" என்பார். நானும் சிரிப்பேன். அப்போது அது எங்களுக்கு நல்ல ஜோக்காக இருந்தது.

பாய் கடைக்கு எதிரில் ஓட்டு வீடு ஒன்று. அதன் முன்னறைதான் வக்கீல் தெய்வசிகாமணியின் ஆபீஸ். அந்தப் பெயர் போர்டில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் மிலிட்டரி வக்கீல். தினமும் காலை எட்டு மணிக்கு வாசல்படியில் உட்கார்ந்து, தன் பழைய ராணுவ பெல்ட்டின் பித்தளைப் பக்கிளை மடியில் வைத்துக்கொண்டு பாலீஷ் போடுவார். கறுப்புக் கோட்டுக்குள் அந்த பெல்ட்டைத்தான் கட்டுவார். துணியில் பாலீஷைத் தொட்டுத் தேய்த்துவிட்டு, பழைய பேப்பரைக் கசக்கி மினுமினுவென்று ஏற்றுவார். அது பெரும்பாலும் எங்கள் பேப்பராக இருக்கும். "தம்பி, ஒங்க பேப்பர் மையி நல்லா புடிக்குது" என்று என்னிடம் பாராட்டாகவே சொல்லியிருக்கிறார்.

எலவனாசூர்கோட்டைப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். கவர்ன்மென்ட் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்து, ஐந்தாறு வருடம் எங்கேயோ பனியில் இருந்தார். இடது கையில் இரண்டு விரல்களைப் பனி தின்றுவிட்டது. ஊருக்குத் திரும்பி வந்தபோது, அவர் அப்பா வேலை செய்த நிலத்தின் சொந்தக்காரர் அவரை உட்காரச் சொல்லவில்லையாம். மறுநாளே சட்டம் படிக்க விண்ணப்பம் வாங்கினேன் என்பார். இதை மூன்று முறை மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார். நிலத்துக்காரர் ஒரு தடவை நின்றுகொண்டிருந்தார், ஒரு தடவை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லாதது மட்டும் மாறவில்லை.

வக்கீலான பிறகு அரசியலுக்கு வந்து ஒன்றியத் தலைவராகவும் ஜெயித்தார். ஜெயிக்க வைத்தது கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர் வட்டாரத்து ஊர்கள் மொத்தமாக அவருக்குப் போட்டன. ஏன் போட்டன என்பதுதான் இந்தக் கதை.

மலையில் அப்போது சாராயம் காய்ச்சுவது நடந்தது. எல்லோரும் காய்ச்சவில்லை. ஆனால் போலீஸ் வந்தால் எல்லோருக்கும் அடி விழும். மலையடிவாரத்தில் ஒரு ஸ்டேஷன், பெயர் வேண்டாம். மாதத்துக்கு இத்தனை கேஸ் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கணக்கு குறைந்தால் விடியற்காலையில் ஜீப் ஏறும். கையில் கிடைத்தவனைத் தூக்குவார்கள். ஓடினால் அவன் வீட்டுச் சோற்றுப் பானை உடையும். தினைக் குதிரில் மண்ணெண்ணெய் ஊற்றியதை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். படம் எடுத்தேன், ஃபிலிம் கறுப்பாக வந்தது. புகைப்படக் கலையில் என் சாதனைகள் அந்த மட்டில்தான்.

மிலிட்டரி வக்கீல் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்து பேசினார். உங்களுக்குக் கேஸ்தானே வேண்டும், மலைக்கு வராதீர்கள், நானே ஆள் அனுப்புகிறேன் என்றார். அப்படி வந்ததுதான் முறை. ஏழெட்டு ஊர்கள் வரிசையாக ஆள் கொடுக்கும். முறை வந்தவன் காலை பஸ்ஸில் அவனாகவே இறங்கி வருவான். கேஸ் எழுதுவார்கள். ரிமாண்டு பதினைந்து நாள். வக்கீல் ஜாமீன் எடுப்பார். அவன் அடுத்த பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போவான். உள்ளே இருக்கும் நாட்களில் அவன் வீட்டு வேலையை ஊரார் செய்வார்கள்.

அதற்கு ஒரு லிஸ்ட் இருந்தது. ராணுவத்தில் காவல் டூட்டிக்குப் போடுகிற மாதிரி ஒழுங்கான லிஸ்ட். பெண்டாட்டி நிறைமாதமாக இருந்தால் பெயர் தள்ளிப் போகும். விதவைக்கு ஒரே மகன் என்றால் பெயரே வராது. சாமை அறுப்பில் சின்னக் காட்டுக்காரர்களுக்கு விலக்கு. நூருல்லா பாய் டைப் அடித்துக் கொடுப்பார். தலைப்பு இருக்காது, தேதி இருக்காது, கையெழுத்து இருக்காது. பெயர்கள் மட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். "கல்யாணத்துக்கு மொய் வெக்கறவன் லிஸ்ட்டு மாதிரி இருக்குது" என்பார் பாய்.

முறைக்குப் போகிறவர்கள் மாஜிஸ்டிரேட்டிடம் சொல்வதற்கு வக்கீல் மூன்று பதில்கள் சொல்லிக் கொடுத்திருந்தார். செய்தாயா என்றால், ஆமாங்க. யாராவது அடித்தார்களா என்றால், இல்லீங்க. ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்றால், ஒண்ணும் இல்லீங்க. இதை மலையில் சின்னப் பிள்ளைகள்கூட விளையாட்டாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

நான் இதையெல்லாம் செய்தியாக எழுதினேன். நாலு பக்கம். கவரில் போட்டு ஒட்டியும் ஆயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் வக்கீலிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவர் படி ஏறினேன். அவர் கையிலிருந்த கேஸ் கட்டைக் கீழே வைத்தார்.

"எழுதினா இன்னா ஆவும் தம்பி? ஸ்டேஷன்ல நாலு பேர மாத்துவாங்க. புதுசா வர்றவன் மறுபடியும் ஜீப்ப எடுத்துகினு மேல ஏறுவான். அடி வாங்கப் போறது நீங்களா நானா?"

"ஆனா இது பொய்க் கேசுங்க சார்."

"பொய்க் கேசுதான். அடி நெஜம். எது வேணும் சொல்லுங்க."

கவரைக் கிழித்துப் போட்டேன். நியாயம் என்று தோன்றியதால் கிழித்தேனா, அவர் எனக்குக் கொடுக்கும் கோர்ட் செய்திகள் நின்றுவிடும் என்று கிழித்தேனா என்பது அன்றும் தெளிவில்லை.

அந்த வருடம் சட்டசபைத் தேர்தல் வந்தது. மிலிட்டரி வக்கீலுக்கு சீட் கிடைக்கும் என்று பேச்சு. அவர் மெட்ராஸுக்குப் போய்க் கட்சி ஆபீஸில் காத்துக் கிடந்தார். பதினெட்டு நாள். அதற்கு முன் அவர் அத்தனை நாள் ஊரில் இல்லாமல் இருந்ததே இல்லை.

அந்த நாட்களில்தான் மலைப்பாதையில் ஒரு கொலை நடந்தது. சமவெளியிலிருந்து புளி வாங்கப் போன வியாபாரி ஒருவர், வளைவு ஒன்றுக்குக் கீழே ஓடைக் கல்லில் தலை உடைந்து கிடந்தார். வியாபாரிகள் கடையடைத்தார்கள். மேலதிகாரிகள் வந்து போனார்கள். ஐந்தாம் நாள் ஸ்டேஷனிலிருந்து எனக்கு ஆள் வந்தது. குற்றவாளி பிடிபட்டுவிட்டான், மலைக்காரன், பெயர் வெள்ளையன், ஒப்புக்கொண்டுவிட்டான் என்றார்கள். அவர்கள் சொன்னதை எழுதி நாலரை மணி பஸ்ஸில் அனுப்பினேன். மறுநாள் பக்கத்தின் உச்சியில் நாலு பத்தி அகலத்தில், நாலு காலச் செய்தியாக வந்தது. என் செய்தி அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. பாய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வெள்ளையன் என்ற பெயரை அதற்கு முன் வாரம் பாய் கடையில், தலைப்பில்லாத தாளில் நான் பார்த்திருக்கிறேன். நினைவுக்கு வரவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது அது.

வக்கீல் திரும்பி வந்த மறுநாள் காலை, ஒரு பெண் வாசலில் கோரைப் பையோடு உட்கார்ந்திருந்தாள். பையில் மரவள்ளிக் கிழங்கு. மலையிலிருந்து வருகிறவர்கள் அவருக்கு அப்படி ஏதாவது கொண்டுவருவார்கள், தேனோ கடுக்காயோ. நான் சீட்டு விஷயம் கேட்கப் போயிருந்தேன். கிடைக்கும் போலத்தான் இருக்குது என்று சொல்லிக்கொண்டே அவர் பக்கிளுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும்மா?"

"வெள்ளையன் பொண்டாட்டி சாமி. சின்னப்பொண்ணு."

"வெள்ளையனா, முறைக்குப் போனானே. வந்துட்டானா?"

"பதினாறு நாளாச்சு சாமி. வரல. பதினஞ்சுதான கணக்கு."

"நான் ஊர்ல இல்லியேம்மா. அதான். இன்னிக்கே போட்டுடலாம்" என்றபடி, துடைப்பதற்காகப் பக்கத்திலிருந்த பேப்பரை எடுத்தார். கசக்கப் போனவர் நிறுத்தினார். தாளை விரித்து மடியில் வைத்தார். பாலீஷ் விரல் பட்ட இடத்தில் எழுத்து வெள்ளையாகிவிட்டிருந்தது. அவர் படிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு காலச் செய்தி. படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"தம்பி, இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க சார்."

அவர் தாளை நாலாக மடித்து ஓரமாக வைத்தார். சின்னப்பொண்ணு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாளைக்கு வந்துருவாரா சாமி?" என்று கேட்டாள். பாலீஷ் டப்பா திறந்தே கிடந்தது. நான் வாசலுக்கு ஓடுகிற வாசனை அதுதான்.

அன்று மாலை ஜெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், பாய் கடையில் வந்து உட்கார்ந்து சொன்னார். வெள்ளையன் வழக்கம் போலக் காலை பஸ்ஸில் இறங்கி ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான். இந்தத் தடவை வேற கேஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் மாட்டேன் என்றிருக்கிறான். லிஸ்ட்டில் அடுத்த பெயர் உன் தம்பிதானே, அவனை வரச் சொல்லவா என்று கேட்டிருக்கிறார்கள். மாஜிஸ்டிரேட் முறைப்படிதான் எல்லாம் செய்திருக்கிறார். போலீஸை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார். யோசிக்க ஒரு நாள் கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்டிருக்கிறார். வெள்ளையன் இரண்டு நாளும் அதே மூன்று பதில்களைச் சொல்லியிருக்கிறான். ஆமாங்க. இல்லீங்க. ஒண்ணும் இல்லீங்க.

"கொலைக் கேசுன்னு தெரிஞ்சேதான் சொன்னியான்னு கேட்டேன் பாய்" என்றார் வக்கீல். "'சாராயக் கேசுன்னாலும் கொலைக் கேசுன்னாலும் பதினஞ்சு நாளுதான சாமி, நீங்க வந்து எடுத்துருவீங்களே'ங்கறான்."

பாயின் மெஷின் நின்றிருந்தது. அந்தக் கடையில் பகலில் மூன்று மெஷின்களும் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

முறையைக் கோர்ட்டில் சொன்னால்தான் வெள்ளையன் வெளியே வருவான். சொல்ல வேண்டியவர் அதை ஏற்பாடு செய்தவர். சொன்னால் சீட்டும் போகும், வக்கீல் தொழிலும் போகும். மிலிட்டரி வக்கீல் இதை யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. மறுநாளே வழக்கிலிருந்து தன் வக்காலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சாட்சியாகப் போகிறவர் வக்கீலாக நிற்க முடியாது. திருக்கோவிலூரிலிருந்து ஓர் இளம் வக்கீலை வெள்ளையனுக்காக அமர்த்தினார். சீட்டு வேறு ஒருவருக்குப் போனது. அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன்.

விசாரணைக்கு முந்தின வாரம் மலையிலிருந்து ஊர்க்கவுண்டரும் நாலு பேரும் வந்தார்கள். ஊர்க்கவுண்டர் என்றால் அங்கே ஊருக்குப் பெரியவர். முறையில் யார் போவது என்று வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்தவர் அவர்தான். வக்கீல் சொல்வதோடு அவரும் சொன்னால் கோர்ட் நம்பும். முன்னறையில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்தார்கள். திருக்கோவிலூர் வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். நான் ஜன்னலோரம் இருந்தேன். என்னை வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கிழித்துப்போட்ட நாலு பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும் என்று நானாகப் போனேன்.

"இந்தத் தடவ உண்மையச் சொல்லணும் கவுண்டரே" என்றார் மிலிட்டரி வக்கீல். "லிஸ்ட்டு இருந்துது, நான்தான் போட்டேன், வெள்ளையன் அவன் முறைக்குத்தான் போனான். அம்புட்டுதான். எனக்கு இன்னா ஆவும்னு பாக்காதீங்க."

"சரிங்க சாமி."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க சாமி."

திருக்கோவிலூர் வக்கீல் என் பக்கம் திரும்பி, லிஸ்ட்டைப் பார்த்தவர் என்ற முறையில் நீங்களும் சாட்சி சொல்ல முடியுமா என்று கேட்டார். ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆபீஸில் கேட்கவில்லை. எழுதிய செய்தியை மட்டும் அனுப்பினேன். விசாரணையில் இருக்கும் வழக்கு, போட முடியாது என்று பதில் வந்தது.

கோர்ட்டில் மிலிட்டரி வக்கீல் கூண்டில் ஏறிய நாள் கூட்டம். வக்கீல்கள் பார் முழுக்க வந்து நின்றது. பெல்ட் கட்டியிருந்தார், கோட் போடவில்லை. எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் சொன்னார். அரசு வக்கீல் எழுந்து குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"நீங்க இத்தனை வருஷமா கோர்ட்டுல பொய் சொல்ல ஆள் அனுப்பினீங்க?"

"ஆமா."

"அவங்களுக்கு இன்னா சொல்லணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா."

"அப்ப இன்னிக்கு நீங்க சொல்றது உண்மைன்னு கோர்ட்டு எப்பிடி எடுத்துக்கறது?"

"மலையில கேளுங்க" என்றார் அவர்.

பாய் எடுத்துக் கொடுத்த கார்பன் நகலைக் காட்டினார்கள். தலைப்பில்லாத பெயர்கள். ரேஷன் கார்டு விண்ணப்பித்தவர்கள் பட்டியலாகக்கூட இருக்கலாமே என்றார் அரசு வக்கீல். யாரும் சிரிக்கவில்லை.

பிற்பகலில் ஊர்க்கவுண்டரை ஏற்றினார்கள். வெள்ளைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினார். மலையில் முறை வைத்து ஆள் அனுப்பும் வழக்கம் உண்டா என்று கேட்டார் திருக்கோவிலூர் வக்கீல்.

"முறையா? அப்பிடி ஒண்ணும் இல்லீங்க சாமி."

மறுபடியும் கேட்டார். லிஸ்ட்டு உண்டா என்று கேட்டார். மிலிட்டரி வக்கீல் உங்களிடம் எப்போதாவது ஆள் கேட்டிருக்கிறாரா என்று கேட்டார்.

"வக்கீலய்யா தங்கமான மனுசனுங்க. அந்த மாதிரியெல்லாம் செய்ய மாட்டாருங்க."

மற்ற நாலு பேரும் வரிசையாக ஏறி அதையே சொன்னார்கள். ஒருவர் கூடுதலாக, அய்யா மேல யாரோ பழி போடறாங்க என்றார். மிலிட்டரி வக்கீல் சாட்சிகளுக்கான பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளையனை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், கழுத்து தெரியும்படி எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். ஊரார் பேசுவதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்திருப்பான்.

ஆயுள் தண்டனை. என் செய்தி எட்டு வரியில் வந்தது.

மலைக்காரர்கள் பயந்து பின்வாங்கிவிட்டார்கள் என்று நான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் சொன்னேன், ஆபீஸில் சொன்னேன். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகும், இளம் நிருபர்களிடம், மக்கள் கடைசி நேரத்தில் எப்படிக் கைவிடுவார்கள் என்பதற்கு உதாரணமாகச் சொன்னேன். நன்றாகச் சொல்வேன். கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

மிலிட்டரி வக்கீல் அப்படி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அவர் சொன்னதை வைத்தே அவரைத் தொழிலிலிருந்து நிறுத்தினார்கள். போர்டைக் கழற்றினார். கோட்டைப் பாய்க்குக் கொடுத்தார். பாய் அதை மெஷின்களுக்கு உறையாகத் தைத்துக்கொண்டார். மேல்முறையீடும் நிற்கவில்லை. வக்கீல் மலைக்குப் போகத் தொடங்கினார். வெள்ளையன் காட்டில் விதைக்கவும் அறுக்கவும் ஊரார் வீட்டுக்கு ஓர் ஆளாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னாராம். எட்டு விரல்களோடு சாமை அறுக்க முடியாது. கட்டுத் தூக்கினார். மாதம் ஒரு தடவை சின்னப்பொண்ணை ஜெயிலுக்கு அழைத்துப் போய்க் காட்டிவிட்டு வருவார். ஒன்பதாவது வருடம் வெள்ளையன் ஜெயில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். நெஞ்சுச் சளி என்று எழுதியிருந்தார்கள். பிணத்தைக் கரியாலூர் வரை வேனில் கொண்டுபோய், அங்கிருந்து நாலு மைல் தூக்கிக்கொண்டு போனவர்களில் வக்கீலும் ஒருவர்.

மிலிட்டரி வக்கீல் செத்தபோது நான் போனேன். மாலையோடு கட்சிக்காரர்கள் இரண்டு பேர், பார் சார்பில் யாருமில்லை, பாய், பிறகு ஒரு லாரி நிறைய மலைக்காரர்கள். ஊர்க்கவுண்டர் மிகவும் தளர்ந்திருந்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்தவரிடம் போய் நானும் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் பேசியே பழகிவிட்ட வாய். "அன்னிக்கு நீங்க உண்மையச் சொல்லியிருந்தா ரெண்டு பேருமே நல்லா இருந்திருப்பாங்க, இல்லீங்களா?" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிய நேரமானது.

"பேப்பர்காரரு தான நீங்க. ஜன்னலாண்ட குந்திகினு இருந்தீங்களே."

"ஆமாங்க."

"அய்யா எங்களுக்கு மொதநாள்லேர்ந்து ஒண்ணு சொல்லி வெச்சிருந்தாருங்க. வெளி ஆளு இருக்கறப்ப நான் இன்னா சொன்னாலும் எடுத்துக்காதீங்க, இல்லன்னே சொல்லுங்க, அப்பறமா தனியா சொல்றது தான் நெஜம்னு. அன்னிக்கு அந்தப் புது வக்கீலு வெளி ஆளு. நீங்க வெளி ஆளு. ஒங்களுக்காவ அப்பிடிச் சொல்றாருன்னு நெனச்சிக்கினோம். அப்பறமா தனியா கூப்புடுவாருன்னு காத்துகினு இருந்தோம். கூப்புடல."

புது வக்கீல் மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள், அவர் வெள்ளையனுக்காக வந்தவர். நான் எதற்காக வந்தவன் என்று அவர்களுக்குத் தெரியாது.

"இது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தீர்ப்பு சொன்ன அன்னிக்கே சொல்லிட்டமே. அப்பிடியே படியில குந்திட்டாரு. அப்பறம், அந்தப் பேப்பர்கார தம்பி கிட்ட இதச் சொல்லிகினு இருக்காதீங்கன்னாரு. சொன்னா இன்னா ஆயிடப் போவுது, போனவன் வரப்போறானான்னாரு."

அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் வக்கீல் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். மகனுக்குப் பெயர் வைத்தாயிற்றா என்று விசாரித்திருக்கிறார்.

இரண்டு வருடம் முன்பு வெள்ளையன் ஊருக்குப் போனேன். இப்போது கரியாலூருக்குக் கார் போகிறது. அருவி பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்த ஒரு திடல், பக்கத்தில் சூப் கடை. அங்கிருந்து உள்ளே போக நல்ல தார் ரோடும் இருக்கிறது. ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மிளகு பறிக்கவும் காப்பித் தோட்ட வேலைக்கும் குடும்பத்தோடு போய்விட்டார்களாம், பொங்கலுக்குத்தான் வருவார்களாம். ஊர்க்கவுண்டர் இல்லை. மற்ற நாலு பேரில் யாரும் இல்லை. முறை என்ற சொல்லை ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். ரேஷன் கடை வரிசையைக் கேட்கிறேன் என்று நினைத்துக் கை காட்டினார். அடுத்தவனுக்காக மலை இறங்கிப் போன அத்தனை பேரும், அவர்கள் போயிருந்தபோது காட்டை உழுதவர்களும், எந்தத் தாளிலும் இல்லாமல் போய்விட்டார்கள்.

ஒரு வீட்டு வாசலில் கல்லூரிப் பெண் ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளையன் வீடு எது என்று கேட்டேன்.

"எந்த வெள்ளையங்க? இங்க மூணு வெள்ளையன் வூடு இருக்குது. அப்பா பேரு இன்னா?"

எனக்குத் தெரியாது.

"ஆளு எப்பிடி இருப்பாரு? நெட்டையா, குட்டையா?"

நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. கழுத்தைப் பார்த்திருக்கிறேன். அவர் பெயரை நாலு காலத்தில் ஒரு தடவையும் எட்டு வரியில் ஒரு தடவையும் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் கொலைகாரன் என்றே எழுதியிருக்கிறேன். இதில் எதை அந்தப் பெண்ணிடம் சொல்வது? தெரியாதும்மா, ரொம்ப நாள் ஆச்சு என்றேன். அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.